பற்களை வெண்மையாக்கும் சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 26. அடுத்த மாதக் கடைசியில் திருமணம். என் பற்கள் முன்பிருந்தே சற்று மஞ்சளாக இருக்கின்றன. ஒரு கிளினிக்கில், லேசர் மூலம் ஒரே நாளில் வெண்மையாக்கி விடலாம் என்கிறார்கள். இன்னொரு பல் மருத்துவரோ, அளவெடுத்து டிரே செய்து தருவதாகவும், அதில் ஜெல் வைத்து இரண்டு வாரம் இரவில் அணிய வேண்டும் என்றும் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: இரண்டு முறைகளிலும் வேலை செய்யும் மருந்து அடிப்படையில் ஒன்றுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது வாய்க்குள் அதை மெல்ல வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு, பல்லின் கடினமான வெளியடுக்கான எனாமலைக் கடந்து, அதற்கு உள்ளே உள்ள டென்டின் என்ற அடுக்குக்குள் ஊடுருவி, அங்கே படிந்திருக்கும் நிறமிகளை நிறம் குறைந்த சிறு கூறுகளாக உடைக்கிறது. மஞ்சள் நிறப் பற்கள் இதற்கு நன்றாக இணங்குகின்றன. சாம்பல் அல்லது நீலம் கலந்த நிறம் மெதுவாகத்தான் மாறும். ஆகவே தங்களுக்கு நல்ல பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் முழுமையான பரிசோதனை நடக்க வேண்டும். சொத்தை, விரிசல், ஈறு வீக்கம் ஆகியவை இருந்தால் அவற்றைச் சரிசெய்த பின்னரே ஜெல்லைத் தொடலாம். அடுத்து, காறையையும் மேற்பரப்புக் கறையையும் நீக்கிப் பற்களைச் சுத்தம் செய்வார்கள். இந்தச் சுத்தம் செய்தலோடு திருப்தியடைந்து, வெண்மையாக்கும் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. அதன்பின் 16 நிறச்சாயல்கள் கொண்ட மாதிரிப் பற்களை உங்கள் பல்லுக்கு அருகில் வைத்துப் பார்த்து, இன்றைய நிறத்தைக் குறித்துக்கொண்டு, புகைப்படமும் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் சிகிச்சையைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எவ்வளவு மாறியது என்பதைப் பின்னர் அறிய வேறு வழியில்லை.

கிளினிக்கில் செய்யும் முறையில், உதடுகளை விலக்கிப் பிடிக்கும் கருவியைப் பொருத்தி, ஈறுகளின் மேல் பாதுகாப்புப் பூச்சைப் பூசி இறுக வைத்த பிறகு, பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லைத் தடவி, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தெடுத்து மீண்டும் தடவுவார்கள். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்தபடி இருக்க வேண்டும். நீல ஒளியோ லேசரோ காட்டுவதால் இறுதி நிறத்தில் பெரிய வேறுபாடு ஏற்படுவதற்கு உறுதியான சான்று இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது கண்ணாடியில் தெரியும் பளீர் வெண்மையில் ஒரு பங்கு, பல் ஈரம் இழந்து உலர்ந்ததால் வந்தது. உமிழ்நீர் பட்டு ஓரிரு நாளில் அந்தப் பங்கு குறைந்துவிடும். விளம்பரப் படங்கள் அந்த முதல் நிமிடத்தில் எடுக்கப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

டிரே முறையில், உங்கள் பல் வரிசைக்கே அளவெடுத்து மெல்லிய டிரே செய்யப்படும். வழக்கமாக 10 முதல் 16 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சிறு சொட்டு வீதம் வைத்து, இரவு முழுவதும் அல்லது மருத்துவர் சொல்லும் சில மணி நேரம் அணிய வேண்டும். 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு என்பது ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹேவுட், ஹேமன் ஆகிய இரு பல் மருத்துவர்கள் வெளியிட்ட இந்த முறை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம்பகமானதாகவே இருக்கிறது.

தங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருப்பதால் டிரே முறையையே நான் பரிந்துரைப்பேன். இந்த வாரமே பரிசோதனையும் சுத்தம் செய்தலும் முடித்து, திருமணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகச் சிகிச்சையை நிறைவு செய்யுங்கள். நிறம் நிலைபெறுவதற்கும், கூச்சம் ஏதும் இருந்தால் அடங்குவதற்கும் அந்த இடைவெளி தேவை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் செய்துகொள்வது மட்டும் வேண்டாம். ஜெல் கசிந்து ஈறு வெளுத்துப் புண்ணானாலும், பல் சுரீர் என்று கூசினாலும், அந்த நாளில் வேதனைதான் மிஞ்சும். பலன் பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிக்கும். டிரேயைப் பத்திரமாக வைத்திருந்தால், நிறம் மங்கும்போது மருத்துவரிடம் ஜெல் பெற்றுச் சில இரவுகள் அணிந்தாலே போதும். ஒருவேளை அதற்குள் கருவுற்றிருந்தாலோ, குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாலோ தள்ளிப்போடுங்கள். தீங்கு நிரூபிக்கப்பட்டதால் அல்ல. அவசரமில்லாத சிகிச்சைக்காக அந்தக் காலத்தில் எந்த ஐயத்துக்கும் இடம் தர வேண்டியதில்லை என்பதால்.

கேள்வி: டிரே போடத் தொடங்கிய நான்காம் நாளிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பற்கள் கூசுகின்றன. எனாமல் கரைகிறது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி.

பதில்: இந்தச் சிகிச்சையில் மிகச் சாதாரணமாக ஏற்படும் பின்விளைவு கூச்சம்தான். பெராக்சைடு சில நிமிடங்களிலேயே எனாமலையும் டென்டினையும் கடந்து, பல்லின் நடுவே உள்ள நரம்புத் திசுவை எட்டிவிடுகிறது. அங்கே உண்டாகும் தற்காலிக எரிச்சலையே கூச்சமாக நீங்கள் உணர்கிறீர்கள். மருத்துவர் தந்த செறிவிலும் கால அளவிலும் பயன்படுத்தினால் எனாமல் கரைந்து போவதில்லை. மேற்பரப்பில் ஏற்படும் சிறு மாற்றத்தை உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் ஈடுசெய்துவிடும். ஆனால் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் தீங்கு உண்டு.

இரண்டு மூன்று நாள் நிறுத்தி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அணியுங்கள். ஜெல்லின் அளவைக் குறையுங்கள். ஈறின் மேல் வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையால் தினமும் இருமுறை துலக்குவதோடு, உங்கள் மருத்துவர் சம்மதித்தால், ஜெல் இல்லாத வேளையில் அதே பற்பசையை டிரேயில் தடவி 10 முதல் 30 நிமிடம் வைத்திருக்கலாம். நாள்கள் கூடுமே தவிர, கிடைக்கும் நிறத்தில் குறைவிருக்காது. கூச்சம் பரவலாக இல்லாமல் ஒரே பல்லில் மட்டும் இருந்தாலோ, சூடு பட்டால் வலி நெடுநேரம் நீடித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ, அது ஜெல்லின் வேலை அல்ல. கவனிக்கப்படாத சொத்தையோ விரிசலோ இருக்கக்கூடும். அப்போது சிகிச்சையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சீக்கிரம் முடித்துவிட எண்ணி, இணையத்தில் கிடைக்கும் அதிகச் செறிவுள்ள ஜெல்லுக்கு மாறிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெண்மையாக்கும் பொருள்களைப் பொதுமக்கள் நேரடியாக வாங்க முடியாது. 6 சதவீதம் வரை உள்ளவற்றைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே பெறலாம், அதுவும் 18 வயது நிறைந்தவர்கள் மட்டும். செறிவு கூடினால் வேகம் கூடலாம். கூச்சமும் கூடவே கூடும். கடைசியில் வந்து சேரும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

கேள்வி: முன்பற்களில் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருக்கிறேன். மற்றப் பற்களை வெண்மையாக்கினால் கேப்பும் வெளுக்குமா?
– ஒரு வாசகி, மதுரை.

பதில்: வெளுக்காது. கேப், பல் நிற அடைப்பு, பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய மூடியான வெனீர் ஆகிய எதுவும் பெராக்சைடால் நிறம் மாறுவதில்லை. முதலில் மற்றப் பற்களை வெண்மையாக்கி, இரண்டு வாரம் காத்திருந்து, அதன்பின் புதிய நிறத்துக்குப் பொருந்தும்படி கேப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு வயது 16. முன்பற்களில் பழுப்புத் திட்டுகளும் வெள்ளைக் கோடுகளும் இருக்கின்றன. சிறு குழந்தையாக இருந்தபோது எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். ஒகேனக்கல் தண்ணீர் எங்களுக்குப் பிறகுதான் வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரிக்கிறாள். வெண்மையாக்கினால் சரியாகுமா? தம்பிக்கும் இப்படி வருமா?
– ஒரு தாய், தருமபுரி மாவட்டம்.

பதில்: அம்மா, நீங்கள் விவரிப்பது ஃபுளோரைடு மிகுந்த நீரால் வரும் பற்கறையாகவே தோன்றுகிறது, நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து கிணற்று நீரில் கலக்கிறது. நிரந்தர முன்பற்களின் எனாமல் உருவாவது பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஐந்து வயதுக்குள். அந்த வயதில் குடித்த நீரின் விளைவு, பல் முளைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இது சரியாகப் பல் துலக்காததால் வந்தது அல்ல. இதைத் தயவுசெய்து உங்கள் மகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்; அழுத்தித் துலக்கினால் போய்விடும் என்று நம்பி ஈறைப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

வெறும் ப்ளீச்சிங்கை மட்டும் செய்தால், பழுப்பு சற்றுக் குறையும். ஆனால் வெள்ளைத் திட்டுகள் மறையாது, தொடக்க நாள்களில் முன்பைவிட எடுப்பாகத் தெரியவும் கூடும். இத்தகைய கறைக்கு முதலில் யோசிக்க வேண்டியது, அமிலமும் நுண்ணிய உராய்பொருளும் கலந்த பசையால் எனாமலின் மேலடுக்கில் மிகச் சிறிதளவை மட்டும் நீக்கும் முறை. ஊசி வேண்டாம், வலி இல்லை. கறை ஆழமில்லாத பற்களில் ஓரிரு அமர்விலேயே நல்ல மாற்றம் தெரியும். எஞ்சும் வெள்ளைத் திட்டுகளுக்குள், கண்ணாடி போன்ற திரவப் பிசினை ஊடுருவச் செய்து, அவற்றைச் சுற்றியுள்ள எனாமலோடு கலந்து தெரியும்படி செய்யும் முறையும் உண்டு. பொதுவான வெண்மையாக்கல் தேவைப்பட்டால், 18 வயதுக்குப் பிறகு குறைந்த செறிவில் டிரே முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். எனாமல் குழி விழுந்திருக்கும் பற்களுக்கு மட்டுமே பல் நிற அடைப்போ வெனீரோ வேண்டியிருக்கும். எடுத்த எடுப்பிலேயே எல்லா முன்பற்களையும் சீவிக் கேப் போடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். 16 வயதில் சீவிய பல்லை மீட்க முடியாது. அந்தக் கேப்புகளை வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

தம்பியைப் பொறுத்தவரை, அவன் இப்போது குடிக்கும் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியே இல்லாதபோதுதான் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் குறையைத் தடுப்பதற்காகவே கொண்டுவரப்பட்டது. ஆகவே அந்தத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதையே பயன்படுத்துங்கள். கிணற்று நீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்ததில் அடிபட்ட முன்பல் ஒன்று இப்போது கறுத்துவிட்டது. வலி இல்லை. வெண்மையாக்க முடியுமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்.

பதில்: வலி இல்லாததால் பல் நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. அடிபட்ட பல்லின் நரம்பு செத்து, இரத்தத்தின் சிதைவுப் பொருள்கள் டென்டினில் ஊறியதால் இந்த நிறம் வந்திருக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்து வேரின் நுனியைப் பார்க்க வேண்டும். தேவையானால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும். அதன்பின் வேர் அடைப்பின் மேல் ஒரு தடுப்பு அடுக்கை வைத்து, பல்லின் உட்குழியில் வெண்மையாக்கும் மருந்தை நிரப்பித் தற்காலிகமாக மூடி அனுப்புவார்கள். சில நாள்களுக்கு ஒருமுறை மருந்தை மாற்றுவார்கள். பெரும்பாலும் சில முறைகளிலேயே பக்கத்துப் பல்லின் நிறத்தை எட்டிவிடலாம். மற்றப் பற்களைத் தொடாமல் ஒரே பல்லைச் சரிசெய்யும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. கேப் போடும் அவசியத்தையே பலருக்குத் தவிர்த்துவிடுகிறது. அரிதாக, சில ஆண்டுகள் கழித்து ஈறோரத்தில் வேர் அரிக்கப்படுவது உண்டு. எனவே சிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கொருமுறையேனும் காட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரித்தூள் பற்பொடி, எலுமிச்சையும் சமையல் சோடாவும் கலந்த கலவை ஆகியவற்றால் பல் வெளுக்குமா?
– ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: மேற்கறை ஓரளவு போகும். கூடவே எனாமலும் தேயும், எலுமிச்சையின் அமிலத்தில் அரிக்கும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. அது மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் மேலும் தெளிவாகத் தெரியும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெற்றிலை பாக்கு, அண்மைக் காலமாகப் புகையிலையும் போடுகிறேன். மகனின் நிச்சயதார்த்தத்துக்குள் பல் கறையைப் போக்க வேண்டும். சில நாள்களாகக் காரம் பட்டால் வாய் எரிகிறது. அதையும் கேட்டு எழுதுகிறேன்.
– ஒரு வாசகர், கடலூர்.

பதில்: ஐயா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பாக்கும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு மெல்லுபவருக்குக் காரம் பட்டு வாய் எரிவது, உள்கன்னம் நாராக இறுகிப்போகும் நோயின் தொடக்கமாக இருக்கலாம். வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை, சிவப்புத் திட்டு இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். எது தெரிந்தாலும், தெரியாவிட்டாலும், இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் வாயைக் காட்டுங்கள். அந்தப் பரிசோதனை முடியும்வரை பெராக்சைடு ஜெல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

கறையைப் பற்றிய செய்தி நல்லதுதான். வெற்றிலைக் கறையும் புகையிலைக் கறையும் பெரும்பாலும் பல்லின் மேலும் காறையின் மேலும் படிந்தவை. அல்ட்ராசோனிக் கருவியால் சுத்தம் செய்து மெருகிட்டால், ஒன்று அல்லது இரண்டு அமர்வில் அவற்றின் பெரும்பகுதி நீங்கிவிடும். காறை போனபின் பற்களுக்கு இடையே சந்து தெரிவதும், சில நாள் கூசுவதும் இயல்பு. காறை மூடியிருந்த இடம் திறப்பதால் வருவது அது, பல் பலவீனமாகிவிட்டதால் அல்ல. நிச்சயதார்த்தத்துக்கு இந்தச் சுத்தம் செய்தலே போதுமானதாக இருக்கும் என்று நம்புகிறேன். மீண்டும் வெற்றிலை பாக்குப் போட்டால் கறை சில வாரங்களிலேயே திரும்பும். பழக்கத்தை விடுவதற்கு உதவி தேவைப்பட்டால் அதே பல் பிரிவில் தயங்காமல் கேளுங்கள். புகையிலையை விடுவதற்கான ஆலோசனையை அங்கிருந்தே தொடங்கலாம்.