நெல்லுக்கு அடித்த பூஞ்சைக்கொல்லி மீன்குஞ்சைக் கொல்லுமா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் சம்பா நெல் போட்டிருக்கிறேன். கதிர் வரும் சமயத்தில் இலையுறைக் கருகல் என்ற பூஞ்சை நோய்க்கு டெபுகோனசோல், ட்ரைஃபிளாக்சிஸ்ட்ரோபின் கலந்த மருந்து அடித்தேன். மறுநாளே மழை பெய்து வயல் தண்ணீர் பண்ணைக் குட்டையில் இறங்கிவிட்டது. அப்போதுதான் சாதாக் கெண்டை வேலம்பாசியில் முட்டை ஒட்டியிருந்தது. பொரித்த குஞ்சுகள் முதுகு வளைந்து, வயிறு ஊதி, அடியிலேயே கிடந்து செத்தன. பெரிய மீன்களுக்கு ஒன்றுமில்லை. டப்பாவில் சிவப்பு முக்கோணம்கூட இல்லையே ஐயா, பிறகு எப்படி?

பதில்: வணக்கம். அந்த முக்கோணத்தின் நிறம் மனிதருக்கான எச்சரிக்கை. எலிக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அதை முடிவு செய்கிறார்கள். மீனுக்கு ஆகுமா என்பதை உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யார் பிரித்துப் படிக்கிறார்கள்!

ட்ரைஃபிளாக்சிஸ்ட்ரோபின் பூஞ்சையின் செல்லுக்குள் சக்தி உண்டாகும் இடத்தை, அதாவது மைட்டோகாண்ட்ரியாவை, முடக்குகிறது. மீனுக்கும் அதே மைட்டோகாண்ட்ரியாதான். உங்கள் குட்டையில் கலந்த அளவைப் பெரிய மீன் ஈரலின் உதவியால் சமாளித்திருக்கும். சாதாக் கெண்டை முட்டை இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். இதயம், முதுகெலும்பு எல்லாம் அதற்குள் உருவாக வேண்டும். அந்த நேரத்தில் சக்தி தடைபட்டால் நீங்கள் பார்த்ததுதான் நடக்கும். வரிக்குதிரை மீன் முட்டைகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளிலும் இவ்வகை மருந்துகளுக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல், மஞ்சள்கருப் பை வீக்கம், முதுகு வளைதல் என இதே அடையாளங்கள்தான் தெரிகின்றன. அப்படிப் பொரித்த குஞ்சு தேறாது.

ஆக்சிஜன் குறைவாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். அதில் பெரிய மீன்தான் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கும், முதலில் சாவதும் அதுதான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: அதே டேங்கில் சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் மாதிரி பூச்சிமருந்து ஏதும் கலந்தீர்களா? கலந்திருந்தால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

இனி மருந்து அடித்தால் ஒரு வாரமாவது வயல் தண்ணீரை வெளியே விடாதீர்கள். ட்ரைஃபிளாக்சிஸ்ட்ரோபினின் பெரும்பகுதி அதற்குள் சிதைந்துவிடும். டெபுகோனசோல் அப்படியில்லை, சேற்றில் தங்கி நீண்ட நாள் இருக்கும். ஆகவே வயல் வடிகால் குட்டைக்குள் வராதபடி கரையை உயர்த்துவதுதான் உருப்படியான வேலை. மழை வரும் போலிருந்தால் தெளிப்பைத் தள்ளிப்போடுங்கள். டேங்கைக் குட்டையில் கழுவவே கூடாது. கெண்டை முட்டை போட்டால் பாசியோடு எடுத்து, போர்த் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் ஹாப்பா (சிறுகண் வலைக் கூண்டு) கட்டிப் பொரிக்க விடலாம். காற்று கொடுக்க மறக்காதீர்கள்.

நோயையே குறைக்கப் பார்ப்பது நல்லது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் இலையுறைக் கருகல் தேடி வரும், பிரித்துப் போடுங்கள். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து நேர்த்தி செய்யுங்கள்.

இப்போது குட்டைத் தண்ணீரில் முடிந்த அளவு மாற்றிவிட்டு, வேண்டாத மீனை அழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போட்ட குளத்தில் நஞ்சு தீர்ந்ததா என்று சோதிப்பது போல, சிறு ஹாப்பாவில் பத்துப் பதினைந்து விரலளவு குஞ்சுகளை நாலு நாள் விட்டுப் பாருங்கள். அவை தாங்கினாலும் முட்டையும் நுண்மீன் குஞ்சும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பருவத்துக்கு விரலளவு குஞ்சுகளையே வாங்கி விடுங்கள்.