முட்டையும் கறியும் தின்ற நாய்க்குத் தட்டு எதற்கு?

கேள்வி: எங்கள் நாய்க்கு 4 வயது. பெண் நாய், கருத்தடை செய்தாகிவிட்டது, எடை 10 கிலோ. இரண்டு வேளையும் பாக்கெட் உணவுதான். கடையில் விற்கும் தின்பண்டங்களில் என்னென்ன கலக்கிறார்களோ என்று பயந்து, இரண்டு மாதமாக நானே செய்து கொடுக்கிறேன். காலையில் ஒரு அவித்த முட்டை, மாலையில் 50 கிராம் வேகவைத்த கோழிக்கறி, நடுவில் கோதுமை மாவும் வேர்க்கடலை வெண்ணெயும் சேர்த்து மொறுமொறுவென்று சுட்ட பிஸ்கட் மூன்று. இப்போதெல்லாம் தட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். பாக்கெட் உணவு அலுத்துவிட்டதா? பிஸ்கட்டில் இனிப்புக்கு உலர் திராட்சை சேர்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திராட்சை வேண்டவே வேண்டாம், பச்சையோ உலர்ந்ததோ. சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, தட்டு விஷயம். அலுப்பு என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். நீங்கள் கொடுக்கும் முட்டை 75, கோழிக்கறி தோலில்லாத நெஞ்சுப்பகுதி என்றால் 80. பிஸ்கட் ஒன்றுக்கு 10 கிராம் மாவு என்று குறைத்தே வைத்தாலும் வெண்ணெயோடு சேர்ந்து 40 கலோரி வரும், மூன்றுக்கு 120. ஆக 275. கிட்டத்தட்ட அரை நாள் சாப்பாடு தட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. தட்டிலும் முழு அளவு போட்டால் வேறு என்ன செய்வாள், பாவம்.

தின்பண்டம் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதுதான் நாங்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. உங்கள் நாய்க்கு அது 60 கலோரி. ஒரு முழு முட்டைக்கே அதில் இடமில்லை! கொடுக்கும் 60-ஐயும் தட்டில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எடை கூடுவது மட்டும் என் கவலை இல்லை. முழுமையான உணவு என்று விற்கும் பாக்கெட்டில் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், வைட்டமின்கள் எல்லாம் முழு அளவையும் நாய் சாப்பிடும் என்ற கணக்கில்தான் சேர்க்கப்படுகின்றன. பாதியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கறியும் மாவும் போனால் அந்தக் கணக்கு கெட்டுவிடுகிறது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்பு சொற்பம். இப்படியே மாதக்கணக்கில் போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும்.

அதற்காக வீட்டில் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. கேரட் 100 கிராமுக்கே 40 கலோரிதான். அதைச் சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கி வையுங்கள். வேகவைத்த பூசணி, பீன்ஸ்கூட நல்லது. கோழிக்கறியும் கொடுக்கலாம், பட்டாணி அளவில். என் வீட்டு நாயிடம் நான் கவனித்தது: பெரிய துண்டு ஒன்றைவிடச் சின்னத் துண்டு ஐந்துதான் அதற்குப் பிடிக்கிறது. எத்தனை தடவை கை நீள்கிறது என்றுதான் எண்ணுகிறதோ என்னவோ.

வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தை ஒரு தடவை படியுங்கள். சைலிடால் என்ற இனிப்பு இருந்தால் வீட்டிலேயே வைக்காதீர்கள். அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையை அது அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் அப்படியல்ல, மெதுவாக வேலை செய்பவை. சிவப்பணுக்களை உடைத்து, சில நாள் கழித்துத்தான் சோகையாக வெளியே தெரியும். ஆகவே கறியை உங்கள் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுக்கும் வேலை வேண்டாம். தனியாக, உப்பு கூடப் போடாமல் வேகவையுங்கள். சமைத்த எலும்பு, கொழுப்பு, சாக்லேட் எதுவும் கூடாது.

இப்போது அவளைத் தட்டுக்குத் திருப்ப வேண்டும். மூன்று நான்கு நாளைக்குத் தின்பண்டமே வேண்டாம். வேளைக்கு உணவை வையுங்கள், இருபது நிமிடம் பாருங்கள், தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். ஆரோக்கியமான, வளர்ந்த நாய் என்பதால் இதைச் சொல்கிறேன். குட்டிக்கோ சர்க்கரை நோய் உள்ள நாய்க்கோ இது பொருந்தாது. கஷ்டமான பகுதி உங்களுக்குத்தான். அந்தப் பார்வைக்கு இரங்கி உணவின் மேல் கொஞ்சம் கறியைத் தூவினீர்களோ, "காத்திருந்தால் கறி வரும்" என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

மிருதுவானதைத் தின்று கடினமானதை ஒதுக்கும் நாய்க்குப் பல்வலி இருக்கலாம். உங்கள் நாய் மொறுமொறு பிஸ்கட்டைக் கடித்துத் தின்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. ஆனாலும் ஒருநாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லை, அல்லது பிடித்த கோழிக்கறியையே வேண்டாம் என்கிறாள், வாந்தியோ சோர்வோ சேர்ந்து வருகிறது என்றால் அது பிடிவாதம் இல்லை. அன்றைக்கே அழைத்துச் சென்று காட்டுங்கள்.