டெக்சாஸில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றால், எதற்காக இன்னும் லைசென்ஸ் எடுக்கிறார்கள்? சட்ட மாற்றங்களை எங்கே பார்ப்பது?

உங்கள் கேள்விக்குள் போகும் முன் விசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது (18-ஆம் தொகுப்பு, பிரிவு 922). டெக்சாஸ் என்ன அனுமதித்தாலும் இந்தத் தடை அப்படியேதான் இருக்கும். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் வைத்திருப்பதாகவே கணக்கில் வரும். 2022-இல் அதிகபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். நாடுகடத்தலும் சேரும்.

இந்தத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். டெக்சாஸின் ஆண்டு வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கியே கூட்டாட்சிக் குற்றத்துக்குப் போதும். இந்த விலக்கை மட்டும் நம்பி துப்பாக்கி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், குடியேற்றச் சட்டமும் ஆயுதச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவரும் குடிமக்களும் வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடுகடத்த முடியும். ஊரிலிருந்து அப்பா, அம்மா பி-2 விசாவில் வந்து தங்கும்போது துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவர்களுக்குத் தெரியக் கூடாது. அவர்களும் அதே தடைக்குள் வருகிறவர்கள்தான்.

இனி டெக்சாஸ் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மசோதாவின் பெயர் ஹவுஸ் பில் 1927. அதில் ஆளுநர் கிரெக் ஆபட் 2021 ஜூன் 16 அன்று கையெழுத்திட்டார். செப்டம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. 21 வயது நிரம்பியவராகவும், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவராகவும், அடிதடி, கொலை மிரட்டல் வகையைச் சேர்ந்த சில சிறு குற்றங்களில் கடந்த ஐந்து ஆண்டில் தண்டனை பெறாதவராகவும் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்லலாம். வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டருக்குள் (துப்பாக்கி உறைக்குள்) இருக்க வேண்டும். பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையச் சோதனைப் பகுதி, மது விற்பனையே பாதி வருமானத்துக்கு மேல் இருக்கும் கடைகள் (சிவப்பில் 51% என்று பலகை இருக்கும்) ஆகியவை தடை இடங்களாகவே தொடர்கின்றன. 51% கடைக்குள் துப்பாக்கியோடு போனால் இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை வைக்கக்கூடிய குற்றம்.

பிறகு லைசென்ஸ் எதற்கு? முதன்மைக் காரணம் கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் பொதுச் சாலையிலோ நடைபாதையிலோ துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் போகிறவருக்கு அது கிடையாது. ஃபிரிஸ்கோ, கேட்டி, ஷுகர் லேண்ட் போன்ற புறநகர்களில் பள்ளி வட்டத்துக்குள் நுழையாமல் கடைக்குப் போய்வருவதே கடினம். தனியார் இடத்துக்கும், குண்டு நீக்கிப் பூட்டிய பெட்டியில் கொண்டுபோவதற்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் தற்காப்புக்கென்று எடுத்துப் போகிறவர் அப்படிக் கொண்டுபோவதில்லை.

மற்றக் காரணங்களும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி, 2016 ஆகஸ்ட் 1 முதல். கடையில் வாங்கும்போது உடனடிப் பின்னணிச் சோதனைக்கு மாற்றாக டெக்சாஸ் லைசென்ஸ் ஏற்கப்படுகிறது, ஆனால் துப்பாக்கி வாங்குபவருக்கான கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பியே ஆக வேண்டும். விமான நிலையத்தில் பையில் மறந்து வைத்துவிட்டவர், சோதனையில் சொன்னதும் விலகிப்போனால், லைசென்ஸ் இருப்பவருக்கு மாநிலச் சட்டத்தில் தப்பிக்கும் வழி உண்டு. கூட்டாட்சி அபராதம் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கான டாலரில் வரும்.

எடுப்பது அவ்வளவு சிரமமில்லை. கட்டணம் 40 டாலர். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, கைரேகை. சுடும் தேர்வில் 50 ரவுண்டு: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலும் மதிப்பெண் போவது பதினைந்து கஜத்தில்தான். விசையை அவசரமாக இழுப்பதால் குண்டு கீழே இறங்கிவிடும். முதல் லைசென்ஸ் நான்கு ஆண்டு, புதுப்பித்தால் ஐந்து ஆண்டு.

கடை வாசல் பலகைகளில் மூன்று எண்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 30.05 லைசென்ஸ் இல்லாதவரைத் தடுக்கும். 30.06 லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பவரை, 30.07 லைசென்ஸோடு வெளியே தெரிய வைத்திருப்பவரைத் தடுக்கும். 30.05 மட்டும் ஒட்டிய கடைக்குள் லைசென்ஸ் உள்ளவர் போகலாம். பலகையைத் தாண்டி உள்ளே போனால் 200 டாலர் வரை அபராதம். 'வெளியே போங்கள்' என்று நேரில் சொன்ன பிறகும் நின்றால் ஓராண்டுச் சிறை வரை போகலாம். கோயில்களுக்கும் இதே முறைதான்: 2019-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, தடுக்க விரும்பும் நிர்வாகம் பலகை வைக்க வேண்டும் அல்லது நேரில் சொல்ல வேண்டும். அலுவலகக் கட்டடத்துக்குள் நிறுவனம் தடை போடலாம். ஆனால் சில விலக்குகள் தவிர, வாகன நிறுத்துமிடத்தில் பூட்டிய உங்கள் காருக்குள் சட்டப்படி வைத்திருப்பதைத் தடுக்க முடியாது.

இப்போது சட்டத்தைப் பின்தொடர்வது. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி இரண்டாம் செவ்வாயன்று கூடி 140 நாள் மட்டுமே நடக்கும். அடுத்தது 2027 ஜனவரி 12. மசோதாக்கள் அதற்கு முந்தைய நவம்பரிலேயே, பொதுத்தேர்தல் முடிந்த அடுத்த வாரம் குவியத் தொடங்கும். இடையில் ஆளுநர் 30 நாள் சிறப்புக் கூட்டம் அழைக்கலாம். அதில் என்ன விவாதிப்பது என்பதை முடிவு செய்பவரும் அவரே.

டெக்சாஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் என்ற அரசுத் தளம் இலவசம். கணக்குத் தொடங்கினால் குறிப்பிட்ட மசோதா நகரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். பலர் செய்யும் பிழை, ஒரு மசோதா எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வது. அந்த மசோதா குழுவில் செத்துப்போயிருக்கும், அதிலிருந்த அதே பத்தி வேறொரு மசோதாவில் திருத்தமாக ஏறி நிறைவேறியிருக்கும். 60-ஆம் நாளுக்குப் பிறகு பெரும்பாலான புதிய மசோதாக்களைத் தாக்கல் செய்ய முடியாது என்பதால் கடைசி வாரங்களில் இப்படி ஒட்டிக்கொண்டு வருவது அதிகம். எனவே சட்டப் பிரிவு எண்ணை வைத்துத் தேடுங்கள்: தண்டனைச் சட்டம் 46.02, 46.03, 30.05 முதல் 30.07 வரை, அரசுச் சட்டத் தொகுப்பில் லைசென்ஸ் பற்றிய 411-ஆம் அத்தியாயம்.

ஒரே மசோதாவுக்குத் தளத்தில் பல வடிவங்கள் இருக்கும்: தாக்கலானது, குழு அறிக்கை, ஓர் அவை நிறைவேற்றியது, இரு அவையும் ஏற்ற இறுதி வடிவம். ஹவுஸ் பில் 1927-ஐயே பாருங்கள்: செனட் ஏற்றிய திருத்தங்களால் அது இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குப் போய்த்தான் முடிந்தது. ஏப்ரலில் வந்த செய்தியைப் படித்து நிறுத்தியவர்களுக்கு உண்மையான சட்டம் தெரியாது. இறுதி வடிவத்தில் அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்ந்தது, அடித்தது நீக்கப்பட்டது. கடைசிப் பிரிவுகளைத் தவறாமல் படியுங்கள். எந்த நாளில் அமல், அதற்கு முன் நடந்த செயலுக்குப் பழைய சட்டமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் உடனே அமலாகலாம். இல்லையென்றால் கூட்டம் முடிந்த 91-ஆம் நாளுக்கு முன் முடியாது. அதனால்தான் பெரும்பாலான சட்டங்கள் செப்டம்பர் 1 என்று போட்டுக்கொள்கின்றன. ஜூனில் கையெழுத்தான செய்தியைப் பார்த்து ஜூலையிலேயே இடுப்பில் செருகிப் புறப்பட்டால், அந்த நாளில் அது குற்றம்தான்.

'இரு அவையும் நிறைவேற்றின' என்ற தலைப்பும் முடிவல்ல. வட கரோலினாவில் இதே போன்ற மசோதா இரு அவையையும் கடந்தது. 2025 ஜூனில் ஆளுநர் ஜோஷ் ஸ்டைன் வீட்டோ செய்தார்.

சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பதும் போதாது. டெக்சாஸ் சட்டத்தில் 21 வயது என்று எழுதியிருக்கும்போதே, 18 முதல் 20 வயதினரை அந்த வயதுக்காக மட்டும் தடுக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் வொர்த் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். மாநில அரசு டிசம்பரில் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. சட்டமன்றம் ஒரு வரியையும் மாற்றவில்லை. இப்படிப்பட்ட மாற்றங்கள் மசோதா அறிவிப்பில் வராது. லைசென்ஸ் கொடுக்கும் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் வரும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

மாநில எல்லை தாண்டும்போது எல்லாம் மாறும். லூசியானா 2024 ஜூலை 4 முதல் லைசென்ஸ் கேட்பதில்லை, ஆனால் அங்குள்ள பள்ளிகளின் 1,000 அடிக்குள் உங்கள் டெக்சாஸ் லைசென்ஸ் கூட்டாட்சி விலக்கு தராது. நியூ மெக்சிகோ டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கிறது. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் ஏற்பதில்லை. அவற்றின் வழியாகக் கடந்து போக மட்டும் கூட்டாட்சிப் பாதுகாப்பு உண்டு: குண்டு நீக்கியிருக்க வேண்டும், கைக்கு எட்டாத டிக்கியில் இருக்க வேண்டும், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும். முன்பக்க டாஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டி கணக்கில் சேராது.

விமானத்தில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணி, துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு விடுதியில் இரவு தங்கினார். மறுநாள் திரும்பவும் செக்-இன் செய்யும்போது கைதானார். பெட்டி இரவெல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் பாதுகாப்பு இல்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட மாநிலத்தில் மாட்டிக்கொண்டால் பெட்டியை வாங்காதீர்கள். மறுநாள் விமானத்துக்கே ஏற்றிவிடும்படி விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.