வாசகர் கேள்விகள்: மாயாற்றுப் பாறுகளும் காவிரி மஹ்சீரும்

என் பசுவுக்கு மடிவீக்கமும் காய்ச்சலும். மருந்துக்கடையில் கொடுத்த வலிமருந்து ஊசியில் டைக்ளோபினாக் என்று எழுதவில்லை, வேறு ஏதோ பெயர். இறந்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளுக்கு அதனால் ஆபத்து உண்டா? மெலாக்சிகாம் போட்டால் மாடு சரியாக எழுவதில்லை என்றும் சொல்கிறார்களே?
– மாடு வளர்ப்பவர், மசினகுடி

பெட்டியில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். மாட்டுக்கு டைக்ளோபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. அசெக்ளோபினாக், கீட்டோபுரோபன் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது. அசெக்ளோபினாக்கை வேறு மருந்து என்று நினைத்து வாங்கியவர்கள் பலர். ஆனால் மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோபினாக்காகவே மாறிவிடும். நிமசுலைடும் பாறுகளைக் கொல்லும். புளூநிக்சினையும் தவிர்ப்பதே நல்லது. சோதித்துப் பார்த்ததில் பாறுக்குத் தீங்கில்லை என்று தெரிந்தவை மெலாக்சிகாமும் டோல்பனாமிக் அமிலமும்.

மெலாக்சிகாம் 'கேட்பதில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அளவு. மாட்டுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கு. 300 கிலோ பசு என்றால் 150 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 30 மில்லி ஏற்ற வேண்டும். டைக்ளோபினாக் போட்டுப் பழகிய கை 10, 15 மில்லியோடு நிறுத்திவிடுகிறது. பாதி மருந்துக்குப் பாதி வலிதானே குறையும்? தவிர, மடிவீக்கத்துக்கு வலிமருந்து மட்டும் போதாது, கிருமிக்கும் மருந்து வேண்டும். அதைக் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது, கால்நடை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதர்களுக்கான டைக்ளோபினாக் ஊசி 2015 முதல் 3 மில்லிக் குப்பியில் மட்டுமே விற்க அனுமதி. அதற்கு முன் வந்துகொண்டிருந்த 30 மில்லிக் குப்பி மனிதருக்கென்று விற்கப்பட்டு மாட்டுக்கே போனது என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் கட்டுப்பாடு செல்லும் என்றது. 3 மில்லியில் இருப்பது 75 மில்லிகிராம். ஒரு பசுவுக்கு நான்கு குப்பி உடைக்க வேண்டியிருக்கும். உங்கள் தொழுவத்தில் யாராவது ஒரே மாட்டுக்கு வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை உடைத்தால், அது என்ன மருந்து என்று கேளுங்கள்.

ஏற்கெனவே தடை மருந்து போட்டு, சில நாளுக்குள் மாடு இறந்துவிட்டால் வெளியே போடாதீர்கள். ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து அதிகம் தங்கும், பாறு முதலில் கொத்துவதும் அந்த மென்மையான பகுதிகளைத்தான். ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

எங்கோ சில மாடுகளுக்குப் போட்ட ஊசியால் ஓர் இனமே அழியும் என்பது மிகையாகத் தெரிகிறதே?
– ஆசிரியர், கோத்தகிரி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒருமுறை வயிறாரத் தின்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்குச் சுமார் 120 வேளை. 200 சடலத்தில் ஒன்றில் மட்டும் கொல்லும் அளவு மருந்து இருந்தாலும், அந்தப் பறவை ஓராண்டைத் தாண்டும் வாய்ப்பு 55 சதவீதம்தான். அடுத்த ஆண்டையும் தாண்ட 30 சதவீதம். பாறு இனப்பெருக்கத்துக்கு வரவே ஐந்து வயது போல ஆகும், வந்த பிறகும் ஆண்டுக்கு ஒரே முட்டை. இந்த வேகத்தில் இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை. ஒரே சடலத்தில் பத்து, இருபது பறவைகள் கூடித் தின்பது வேறு.

2004இல் வெளியான கணிப்பும் இதையே சொன்னது. அப்போது கண்ணில் பட்ட சரிவுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்கள் போதும். இந்தியாவில் 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. முதலில் பலர் தொற்றுநோய் என்றே தேடினார்கள். பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெண்படலம் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற முடியாத யூரிக் அமிலம் உறுப்புகள் மேல் படிந்ததன் அடையாளம் அது. அந்தப் படலத்தைப் பின்தொடர்ந்துதான் டைக்ளோபினாக்கைப் பிடித்தார்கள்.

தடைக்குப் பிறகும் எண்ணிக்கை ஏன் மளமளவென ஏறவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். மேலே சொன்ன ஒரு முட்டைதான் பதில். போதாததற்கு, மாட்டை அடித்த சிறுத்தை மேல் உள்ள கோபத்தில் சடலத்தில் விஷம் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. சிறுத்தை தப்பித்துவிடும், பாறுகள்தான் சாகும்.

மாயாற்றில் பாறு கூடுகளை எண்ணும் பணியில் சேர இருக்கிறேன். எதில் தவறு நடக்கும்?
– முதுகலை மாணவி, சத்தியமங்கலம்

முதலில் வனத்துறை அனுமதி. இரண்டு பக்கமும் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் வேறு. பணியாளர் துணையில்லாமல் இறங்க முடியாது.

வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் குச்சிக் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு பாறை விளிம்பில் வைக்கும். எனவே இரண்டுக்கும் ஒரே நடைவழி போதாது. ஒரு பருவத்தில் மூன்று முறையாவது போக வேண்டும். நவம்பர், டிசம்பரில் எந்தக் கூட்டில் பறவை அமர்ந்திருக்கிறது என்று, ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சு உண்டா என்று, மார்ச், ஏப்ரலில் எத்தனை குஞ்சு பறந்தது என்று. ஒரே முறை போய்ப் பழைய கூடுகளையும் சேர்த்து எண்ணிவிட்டு 'கூடு கூடியிருக்கிறது' என்று எழுதுவதுதான் பெருந்தவறு. பறவையோ முட்டையோ குஞ்சோ மரத்தடியில் புது வெள்ளை எச்சமோ இல்லாத கூட்டைத் தனிப் பத்தியில் குறியுங்கள்.

இரண்டாவது தவறு ஜிபிஎஸ். அது காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்தை, கூடு இருக்கும் மரத்தையல்ல. இரண்டு குழுக்கள் இரண்டு கரையில் நின்று ஒரே கூட்டுக்கு இரண்டு எண் கொடுத்துவிடும். நின்ற இடம், காந்த ஊசி காட்டும் திசை, தோராயத் தூரம் மூன்றையும் எழுதினால் மாலையில் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.

கூட்டுக்குக் கீழே போகாதீர்கள். எதிர்க்கரையிலிருந்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) பாருங்கள். அடைகாக்கும் பறவை எழுந்து நின்றால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். அது பறந்துவிட்டால் முட்டை காக்கைக்கு.

பறக்கும்போது அடையாளம் காண, வளர்ந்த வெண்முதுகுப் பாறுக்கு இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கருப்பு. குழப்புவது இளம்பறவைதான். முதுகு வெள்ளையே இருக்காது, முழுக்க மங்கிய பழுப்பு. சந்தேகம் இருந்தால் 'இனம் தெரியாத பாறு' என்று எழுதுவது குறையல்ல. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடிய பறவை என்பதால், மொத்த எண்ணிக்கைக்கு எல்லா இடத்திலும் ஒரே நாள், ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணுவது அதனால்தான்.

ஒகேனக்கல் மீன்கடையில் வால் ஆரஞ்சு நிறமாக, பெரிய செதிலோடு ஒரு கெண்டை பார்த்தேன். காவிரியின் அழிந்துவரும் மஹ்சீர் அதுதானா?
– வாசகர், பென்னாகரம்

முதுகுத் துடுப்பைப் பார்த்தீர்களா? பண்ணையில் வளரும் சாதாக்கெண்டைக்கும் வாலின் கீழ்ப்பாதி ஆரஞ்சாக இருக்கும், அதற்கும் வாயோரம் இரண்டு ஜோடி மீசை உண்டு. ஆனால் அதன் முதுகுத் துடுப்பு நீளமாக, வால் பக்கம் வரை ஓடும். மஹ்சீருக்கு அது குட்டையாக, முதுகின் நடுவில் நிற்கும். உடலின் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் பக்கக்கோட்டில் செதில் எண்ணினால் சாதாக்கெண்டைக்கு முப்பதுக்கு மேல் வரும், மஹ்சீருக்கு அதைவிடக் குறைவாக இருக்கும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சாதாக்கெண்டையாக இருக்கும்.

இதில் தேறினால் அடுத்தது, தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் நடுவே திமில் போன்ற எழுச்சி. அது இருந்து, துடுப்புகளும் ஆரஞ்சாக இருந்தால் ஹம்ப்பேக் மஹ்சீராக இருக்கலாம். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன். 1946இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 54 கிலோ. இவ்வளவு பேர்பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் கிடையாது என்பது வேடிக்கை. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியும் இதுவும் ஒன்றே என்று அந்த ஆண்டில்தான் உறுதியானது. அதே ஆண்டு 'மிக ஆபத்தான நிலை' பட்டியலுக்கும் போனது. இன்றும் எஞ்சியிருக்கும் இடங்களில் மாயாறு முக்கியமானது.

மறுமுறை பார்த்தால் மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, துடுப்பை விரித்து, அருகில் அளவுகோல் வைத்து ஒரு படம், வாயைக் கீழிருந்து ஒரு படம். பிடித்த இடத்தை விசாரித்து எழுதுங்கள். இடம் தெரியாத படத்தால் பயன் பாதிதான்.

அப்படியானால் மஹ்சீர் குஞ்சுகளைப் பண்ணையில் பொரித்து ஆற்றில் விடலாமே?
– இயற்கை மன்றம், ஈரோடு

விட்டதுதான் சிக்கலே. 1970கள் முதல் லோனாவாலாப் பொரிப்பகத்தில் உருவான மஹ்சீர் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. அவை நீலத்துடுப்பு மஹ்சீர், கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தவை. காவிரியில் தூண்டில் முகாம்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிகணக்கைப் பின்னர் ஆராய்ந்தார்கள். மஹ்சீர் மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. பிரித்துப் பார்த்தால் கூடியது நீலத்துடுப்பு, ஹம்ப்பேக் சரிந்துகொண்டே போயிருந்தது. 'மஹ்சீர்' என்று ஒரே பத்தியில் எழுதியிருந்தால் இதை ஒரு வெற்றியாகக் கொண்டாடியிருப்பார்கள்.

உங்கள் மன்றம் உதவ விரும்பினால் மணல், கூழாங்கல் அள்ளுவதையும், வெடியும் பிளீச்சிங் பவுடரும் போட்டு மீன் பிடிப்பதையும் பார்த்தால் உடனே தகவல் கொடுங்கள். மஹ்சீர் முட்டை கூழாங்கல் இடுக்கில்தான் பிழைக்கும்.

மீன் தொட்டியில் வளர்ந்துவிட்ட சக்கர் மீனை ஆற்றில் விடலாமா?
– பள்ளி மாணவர், திருநெல்வேலி

கூடாது. ஜிலேபிக் கெண்டை 1952இல் வெளிநாட்டிலிருந்து வந்து இன்று எல்லாக் குளத்திலும் இருக்கிறது, திரும்ப எடுக்க முடிந்ததா? வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஆற்று நீரிலிருந்து டிஎன்ஏ எடுத்து மீன் இருப்பதைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். கல்லூரி அளவில் செய்ய முடியுமா?
– உதவிப் பேராசிரியர், கோவை

நீர் சேகரிப்பது எளிது, சுத்தமாகச் சேகரிப்பதுதான் கடினம். ஓர் இடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று மாதிரி எடுங்கள். கீழ்நீரில் தொடங்கி மேல்நீர் நோக்கிப் போங்கள், இல்லாவிட்டால் உங்கள் கால் கலக்கிய சேறே அடுத்த மாதிரியில் வரும். ஆற்றுக்குள் இறங்காமல் கரையிலிருந்து கை நீட்டி எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் புதுக் கையுறை. பாட்டில்களை முந்தின நாளே பிளீச்சில் ஊறவைத்து நன்றாக அலசியிருக்க வேண்டும். 0.45 மைக்ரான் வடிதாளில் அன்றே வடிகட்டி எத்தனாலில் போடுங்கள். மழைக்காலச் சேற்றுநீர் கால் லிட்டரிலேயே தாளை அடைத்துவிடும், அப்போது எவ்வளவு வடிந்ததோ அந்த அளவைக் குறியுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன காய்ச்சி வடித்த நீரையும் ஆற்றங்கரையில் திறந்து அதேபோல் வடிகட்டுங்கள். அதிலும் மீன் டிஎன்ஏ வந்தால் அன்றைய மாதிரி முழுவதும் சந்தேகத்துக்குரியது. மதியம் மீன்குழம்பு சாப்பிட்ட கையால் இது நடப்பதுண்டு.

ஒரு வரம்பும் உண்டு. வழக்கமாகத் தேடுவது மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ, அது தாயிடமிருந்து மட்டும் வருவது. ஹம்ப்பேக் தாய்க்கும் நீலத்துடுப்புத் தந்தைக்கும் பிறந்த கலப்பினமும் இதில் 'ஹம்ப்பேக்' என்றே காட்டும். அதைப் பிரிக்க மீனைக் கையில் பிடித்து, வயிற்றுத் துடுப்பின் ஓரத்தில் அரிசி அளவு துண்டு வெட்டியாக வேண்டும். 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டு மறுநாள் ஒருமுறை மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் வேண்டாம். சீட்டை பென்சிலில் எழுதிக் குப்பிக்குள் போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.