உறையின் மேல் உங்கள் பெயர் வேண்டாம்

கேள்வி: தக்கலை அருகே தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் கடைநிலை ஊழியராக இருக்கிறேன். கவரிங் நகையைத் தங்கம் என்று மதிப்பிட்டு நகைக்கடன் கொடுக்கிறார்கள். மதிப்பீட்டாளருக்கு மேலாளரும் உடந்தை. புகார் செய்தால் என் பெயர் வெளியே வந்து வேலை போய்விடுமா?

பதில்: முறையாக அனுப்பினால் பெயரை ரகசியமாக வைக்கும் கடமை அரசுக்கு உண்டு. தகவல் தருவோரைப் பாதுகாக்க 2014-இல் சட்டமே இயற்றினார்கள். குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகும் அதை நடைமுறைக்குக் கொண்டுவர எந்த அரசுக்கும் மனம் வரவில்லை. கையில் இருப்பது மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றுதான். நெடுஞ்சாலை ஊழலைப் பற்றி எழுதி, பெயரை மறைக்கும்படி கேட்டும் கடிதம் பலர் கைக்குப் போய், 2003-இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டாரே பொறியாளர் சத்யேந்திர துபே, அவர் சாவுக்குப் பிறகு வந்தது அது.

அதன்படி புகார் போக வேண்டிய இடம் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம்: செயலாளர், சதர்க்தா பவன், ஐஎன்ஏ, புது தில்லி 110023. உறையை நன்றாக ஒட்டி, மேலே ‘பொதுநலன் கருதித் தரும் புகார்’ என்பதைக் குறிக்கும் ‘பிஐடிபிஐ’ (PIDPI) என்ற ஆங்கில எழுத்துகளை எழுதுங்கள். பெயரும் முகவரியும் உள்ளே மட்டும் இருக்கட்டும். மொட்டைக் கடிதம் செல்லாது. அனுப்புநர் முகவரி கேட்கக் கூடாது என்று அஞ்சல் துறைக்கு உத்தரவு இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாவிட்டால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

காரியம் கெடுவது ‘நகல்’ என்ற சொல்லில். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வாசலில் திங்கள்கிழமை மனு எழுதித் தருபவரிடம் போனால், ஆட்சியர், முதல்வர், பத்திரிகை என்று எட்டுப் பேருக்கு நகல் போட்டுவிடுவார். அதன்பின் எந்த ஆணையம் ரகசியத்தைக் காப்பாற்றும்? ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்கும் சமூக ஆர்வலர் இன்னும் மோசம். உங்கள் காகிதத்தைக் காட்டி மேலாளரிடம் பேரம் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் எண், தேதி, தொகை போதும். பதிவேட்டை வெளியே கொண்டுவராதீர்கள், உங்களை நீக்க அதுவே காரணமாகிவிடும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த சம்பவத்தையும் எழுதாதீர்கள், எழுதியவர் யார் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கூட்டுறவு வங்கியையும் ‘கவர்மெண்டு வங்கி’ என்பார்கள். பெயர்ப்பலகையைப் படியுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்றிருந்தால் தில்லிக்கு எழுதிப் பயனில்லை. அது மாநிலக் கூட்டுறவுத் துறையின் கையில் உள்ளது. இணைப்பதிவாளரிடம்தான் போக வேண்டும். இந்த உறை முறையும் அங்கே கிடையாது. உங்களுடையது தேசியமயமாக்கப்பட்ட வங்கி என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

புகார் உங்களுடையதுதானா என்று ஆணையம் கடிதம் போட்டுக் கேட்கும். உடனே பதில் அனுப்புங்கள். பழிவாங்கினால் அதே ஆணையத்திடம் முறையிடலாம். ஆணையத்தின் கடிதம் வரும் என்பதால் முகவரியாக வங்கியைக் கொடுக்காதீர்கள். வீட்டில் தபாலை வாங்குபவர் பிரித்துப் படிக்காதவராகவும் இருக்கட்டும்.