ஏ9 மூலைக் காணி: முன்னுக்குக் கார் தரிப்பிடமா, விறாந்தையா?

கேள்வி: கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியும் பிரதேச சபை வீதியொன்றும் சந்திக்கும் மூலையில் எங்களுக்கு 14 பேர்ச்சஸ் காணி உண்டு. ஏ9 பக்கம் 12 மீற்றர், குறுக்கு வீதிப் பக்கம் 29 மீற்றர். பழைய கடையை இடித்துவிட்டு மாடிக் கடை கட்டப் போகிறோம். குறுக்கு வீதியில் எங்களோடு ஏழு கடைக்காரர். சனம் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு கடையில் சாமானை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறது. நடந்து நாலு கடை பார்க்கிற கடைத்தெருவாக இதை மாற்ற வழி உண்டா? படம் கீறுபவரோ, ஏ9 பக்கம் நாலு கார் நிற்க இடம் விட்டால்தான் பிளான் பாஸ் ஆகும் என்கிறார். – வாசகர், கிளிநொச்சி

பதில்: படம் கீறுபவர் சொல்வது பிழை. கட்டட விதிகள் உங்கள் கடைக்கு எத்தனை வாகனத் தரிப்பிடம் வேண்டும் என்றுதான் பார்க்கும். அது முன்னுக்கா பின்னுக்கா என்பது உங்கள் படத்தைப் பொறுத்தது. முன்னுக்கு விட்டுக் கீறுவது அவருக்குச் சுகம், பழைய படமொன்றில் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. எத்தனை வாகனம் என்பதைச் சபையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு கோடும் கீற விடாதீர்கள்.

அடுத்தது, ஏ9 பக்கம் உங்கள் கடையின் முகம் என்ற நினைப்பை விடுங்கள். அது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சொத்து. அங்கே ஒரு கல்லை நகர்த்துவதற்கும் கடிதம் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 14 மீற்றர் ஓடும். சாரதி ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்குமுன் 21 மீற்றர், பிறகு நிற்க இன்னும் 14 மீற்றர், மொத்தம் 35. அதுவே 30 கிலோமீற்றர் வேகமென்றால் 18 மீற்றரில் நின்றுவிடும். நடக்கிற தெருவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்கு. ஏ9இல் அது உங்கள் கையில் இல்லை. குறுக்கு வீதியில் உண்டு, ஏனென்றால் அந்த வீதி சபையினுடையது. முகப்பும் அங்கேதான் கூட.

வெயிலும் அதையே சொல்கிறது. கிளிநொச்சியில் ஏ9 ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்கு ஓரத்துக் கடைகள் மேற்கே பார்க்கின்றன. பின்னேரம் நாலு மணி வெயிலுக்கு 2.4 மீற்றர் அகலக் கூரையும் போதாது, அதன் நடுவில் நிற்பவரின் தலைமட்டத்துக்கு வெயில் வந்துவிடும். தட்டி கட்டி இறக்கினால்தான் ஆறும். குறுக்கு வீதிக் கடைகள் வடக்கே அல்லது தெற்கே பார்ப்பதால் அதே கூரை நண்பகலில் விறாந்தையின் பெரும் பகுதிக்கு நிழல் தரும். மார்கழியில் சூரியன் தெற்கே சரியும்போது மட்டும், தெற்கே பார்க்கும் விறாந்தையின் வெளிப் பக்கத் தரைக்கு வெயில் வரும்.

ஆகவே கடையைக் குறுக்கு வீதிப் பக்கம் கட்டடக் கோட்டோடு (வீதிப் பக்கம் அதைத் தாண்டிக் கட்டக் கூடாத கோடு) ஒட்டிக் கட்டுங்கள். 2.4 மீற்றர் விறாந்தையை அந்தக் கோட்டுக்கு உள்ளே வையுங்கள், வெளியே நீட்ட வேண்டாம். அதில் 1.8 மீற்றர் நடப்பதற்கு, மிச்சம் 60 சென்ரிமீற்றர் சாமான் அடுக்க. எல்லையைத் தரையிலேயே வேறு நிற ஓட்டால் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வாளியும் பிளாஸ்ரிக் கதிரையும் ஒரு மாதத்தில் முழு விறாந்தையையும் பிடித்துவிடும், சனம் திரும்பவும் வீதியில் இறங்கிவிடும்.

தரிப்பிடம் ஏ9இலிருந்து தூரமான பின் பக்கத்தில் வரட்டும். ஒரு காருக்கு 2.4 க்கு 4.8 மீற்றர். நாலு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 9.6 மீற்றர், உங்கள் 12 மீற்றர் அகலத்துக்குள் அடங்கும். திருப்பி எடுக்க 6 மீற்றர் சேர்த்தால் காணி நீளத்தில் 10.8 மீற்றர் போகும். அந்த 6 மீற்றரை அயல் கடைக்காரரோடு பாதி பாதியாகப் பகிர்ந்தால் உங்களுக்கு 3 மீற்றர் மிச்சம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள் நிற்கும் என்பதையும் படத்தில் காட்டச் சொல்லுங்கள், உங்கள் வாடிக்கையாளர் வருவது அதில்தானே.

ஏழு பேரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஏழு கடையும் சேர்ந்து ஏறக்குறைய 100 மீற்றர் முகப்பு என்று வையுங்கள். ஒவ்வொருவரும் முன்னுக்குக் கார் விட்டால் அந்த 100 மீற்றரும் வாகனம் ஏறி இறங்கும் சரிவுதான், நடைபாதை என்று ஒன்று இராது. கடைகளுக்குப் பின்னால் வாகனம் போகப் பின் ஒழுங்கை ஒன்றை விட்டு இரண்டு இடத்தில் மட்டும் 3.5 மீற்றர் வாசல் வைத்தால் வெட்டுப்படுவது 7 மீற்றர். அந்த இரண்டு வாசலிலும் நடைபாதை மட்டம் இறங்கக் கூடாது. வாகனம் நடைபாதைக்கு ஏறிக் கடக்கட்டும்.

விறாந்தைத் தளத்தின் உயரத்தை ஏழு பேரும் முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு முழம் உயர்த்த, மற்றவர் அரை முழம் உயர்த்த, நடப்பவர் படியேறிப் படியிறங்கிக் களைத்துவிடுவார். 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் தளத்தை உயர்த்துவதைப் பிழை சொல்ல முடியாது. வீதியின் நடு முதுகிலிருந்து 45 சென்ரிமீற்றர் என்று வைத்தால், சக்கர நாற்காலி ஏற 12க்கு 1 சரிவில் 5.4 மீற்றர் நீளம் வேண்டும். அதை வீதியை நோக்கி நீட்டாமல் கடைச்சுவரோடு பக்கவாட்டில் ஓட விடுங்கள், 29 மீற்றர் முகப்பில் தாராளமாக அடங்கும். மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. போரில் காலை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில், புதிதாகக் கட்டிய கடைக்கும் மூன்று படி வைத்துவிட்டுச் சரிவுப்பாதை வைக்க இடமில்லை என்று சொல்பவர்களை என்னவென்று சொல்வது?

இனிக் கான், அதாவது வீதியோர வடிகால். அவரவர் கடை முன் கானைக் கொங்கிறீற்றால் நிரந்தரமாக மூடி, அடியில் சின்னக் குழாய் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். கார்த்திகை மழையில் குப்பை அடைத்து ஏழு கடைக்குள்ளும் தண்ணீர் வரும். கழற்றக்கூடிய கொங்கிறீற் பலகைதான் சரி: 10 சென்ரிமீற்றர் தடிப்பு, 10 மில்லிமீற்றர் கம்பி 15 சென்ரிமீற்றர் இடைவெளியில், தூக்க இரண்டு துளை. 90 க்கு 50 சென்ரிமீற்றர் பலகை ஏறக்குறைய 108 கிலோ, நாலு பேர் தூக்கலாம். இதைவிடப் பெரிதாக வார்த்தால் பிறகு ஒருவரும் திறந்து துப்பரவாக்கமாட்டார்கள். வாகனம் ஏறும் வாசலில் 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும், கம்பி விபரத்தைப் பொறியியலாளரிடம் கேளுங்கள்.

இன்ரர்லொக் கல் பதிக்க வருபவர்களிடம் கவனம். நடக்கும் இடத்துக்கு 60 மில்லிமீற்றர் கல், வாகனம் ஏறும் இடத்துக்கு 80. அடியில் கிறவல் 15 சென்ரிமீற்றர் போட்டு இறுக்கி, மேலே 3 சென்ரிமீற்றர் மணல். ஓரத்தில் கொங்கிறீற் கட்டு இல்லாவிட்டால் ஒரு மாரிக்குள் கல் விலகும். 80 என்று விலை சொல்லி 60 பதிப்பது வழக்கமான விளையாட்டு, வந்திறங்கும் கல்லை ரேப் பிடித்து அளவுங்கள். களிமண் நிலமென்றால் கிறவலைக் குறைக்க விடவே வேண்டாம்.

குறுக்கு வீதி ஏ9இல் வந்து சேரும் வாயைச் சுருக்கும்படி கேளுங்கள். மூலை வளைவின் ஆரை 9 மீற்றர் இருந்தால் வாகனம் வேகம் குறையாமல் திரும்பும், கடப்பவர் நடக்கும் தூரமும் நீளும். 4 மீற்றராக்கினால் ஆட்டோவும் வானும் மெதுவாகத்தான் திரும்ப முடியும். அந்த வாயில் 10 சென்ரிமீற்றர் உயர்த்திய கடவை மேடை ஒன்று போட்டால் வேகம் தானாகக் குறையும். மேடையின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் போக வழி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது அணைக்கட்டாகிவிடும். ஏ9 கடவைக்கு வெறும் கோடு கேட்காதீர்கள், நடுவில் 1.5 முதல் 2 மீற்றர் அகலத் திட்டு கேளுங்கள். பஸ் தரிப்பிடம் கடவையைத் தாண்டி இருக்க வேண்டும், இறங்கியவர் பஸ்ஸின் பின்னால் கடப்பார். மூலை வாய் சபைக்கும் அதிகார சபைக்கும் இடையில் விழுவதால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே கடிதம், ஒரே திகதியில், ஏழு பேரின் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் அதிகாரி இடமாற்றம் ஆனதும் உங்கள் கடிதமும் அவரோடு போய்விடும்.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. மேலே சொன்ன பின் ஒழுங்கை, உறுதிக்காணி (சொந்த உறுதி உள்ள தனியார் காணி) என்றால் நொத்தாரிசு முன் பாதை உரிமை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவதோடு முடியும். ஏழில் ஒன்று பேர்மிட் காணி என்றால் முடியாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் விற்கவோ துண்டாக்கவோ இன்னொருவருக்குப் பாதை எழுதிக் கொடுக்கவோ உரிமை தராது. காணி அரசினது. அது எந்தத் தேவைக்குக் கொடுக்கப்பட்டது என்பதும் பத்திரத்தில் இருக்கும். குடியிருக்கவென்று கொடுத்த காணியில் கடை கட்டப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி வேண்டும், சில இடங்களில் நீண்டகாலக் குத்தகைக்கு மாற்றச் சொல்வார்கள். அனுமதிப்பத்திரத்துக்குப் பிறகு அரசு கொடுக்கும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியும் உறுதிக்காணி என்று நினைக்க வேண்டாம், பிரதேச செயலாளர் சம்மதமில்லாமல் கைமாற்றினால் செல்லாது. இங்கேதான் தரகர் வருவார். “அற்றோணி போட்டுத் தாறன், பிறகு எல்லாம் சரி வரும்” என்பார். அற்றோணி என்பது உங்களுக்காக இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுக்கும் தத்துவப் பத்திரம். அற்றோணி எழுதிக் கொடுத்தவருக்கே இல்லாத உரிமை அதை வாங்கியவருக்கு எங்கிருந்து வரும்? கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் முடிந்தது, பின்னுரித்தாளி (காணி அடுத்துச் சேரும் வாரிசு) வந்து வேலி போடுவார், ஒழுங்கை நடுவில் அடைபடும். ஆகவே ஏழு பேரின் பத்திரங்களையும் மேசையில் வைத்துப் பார்க்காமல் ஒழுங்கைக்குக் காசு சேர்க்காதீர்கள். பேர்மிட் காணி நடுவில் இருந்தால் ஒழுங்கையை அதற்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் தன் தரிப்பிடத்தைத் தன் காணிக்குள்ளேயே பக்க வாசலோடு வைக்கட்டும்.

பிளான் பாஸ் பண்ணித் தருகிறேன் என்று மொத்தத் தொகை கேட்பவரிடமும் காசு கொடுக்க வேண்டாம். கட்டணம் சபையில் கட்டுவது, பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் வர வேண்டும்.

மரம் 7 மீற்றருக்கு ஒன்று, 1.2 மீற்றர் சதுரக் குழி, ஐப்பசி முதல் மழையோடு. வேம்பும் இலுப்பையும் கச்சான் காற்றைத் தாங்கும். வாகை வேண்டாம், கிளை முறிந்து விழும்.

பழைய கடையை இன்னும் இடிக்காதீர்கள். மூலைக் காணி என்பதால் இரண்டு வீதிக்கோட்டுச் சான்றிதழ் வேண்டும், ஒன்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், மற்றது பிரதேச சபையிடம். கோடு வீதியின் நடுவிலிருந்து அளக்கப்படும். காப்பெற் (வீதியின் தார்ப் பரப்பு) ஒரு பக்கம் அகலப்பட்டிருந்தால் நீங்கள் கண்ணால் காணும் நடு சட்டப்படியான நடு அல்ல, அதனால் அளவையாளரைக் கொண்டு வரைபடத்தில் குறிப்பியுங்கள். பழைய சுவர் அந்தக் கோட்டைத் தாண்டி வீதிப் பக்கம் நின்றால், இடித்த பிறகு அந்த இடத்தில் ஒரு கல்லும் வைக்க விடமாட்டார்கள். உங்கள் 12 மீற்றரிலும் 29 மீற்றரிலும் எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்தபின் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.