எந்த உணவால் நோய் பரவியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆய்வகத்தில் பாக்டீரியாவைப் பிடித்தால் போதும், உணவும் தெரிந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2011 மே மாதம் வட ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா பரவியதையே பாருங்கள். ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50 பேருக்கு மேல் இறந்தார்கள், பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. நோயாளிகளின் மலத்தில் கிடைத்த கிருமியின் மரபணுவைச் சில நாட்களிலேயே படித்துவிட்டார்கள். குடல் சுவரில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை ஈ.கோலை, சிறுநீரகத்தைத் தாக்கும் ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் மரபணுவை ஒரு வைரஸ் வழியாகப் பெற்றிருந்தது. ஆனால் உணவு?

முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி போட்டார்கள். அதில் இருந்த ஈ.கோலை வேறு ரகம் என்று பிறகு தெரிந்தது, அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளுக்குப் பெரும் நஷ்டம், இது மிகவும் வருத்தமான விஷயம்.

அப்புறம்தான் அந்த அருமையான வேலை நடந்தது. என்ன சாப்பிட்டோம் என்பது நோயாளிகளுக்கே சரியாக நினைவில்லை, தட்டின் ஓரத்தில் தூவிய முளைப்பயிரை யார் கவனிப்பார்கள்? அதனால் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களின் ஆர்டர் விவரங்களை எடுத்து, ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சமையல்காரரிடமே கேட்டார்கள். முளைப்பயிர் சாப்பிட்டவர்களிடம்தான் நோய் மிக அதிகம். ஜூனில் பிரான்சின் போர்தோ பகுதியிலும் அதே கிருமி தலைகாட்ட, இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது, முளைகட்டுவதற்காக எகிப்திலிருந்து வந்த ஒரே தொகுதி வெந்தய விதை. அந்த விதையில் கிருமி கடைசிவரை சிக்கவில்லை, ஆனாலும் ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் எகிப்து வெந்தயத்தின் இறக்குமதியை நிறுத்தியது.